வெட்டாமல் விட்ட கறுப்பு

என்னோடு கதைத்துச் சலிக்காத மச்சாள் ஜெனிக்கு,

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. உன்னோடு சண்டை பிடிக்கத்தான் எழுதுகிறேன். நீ இருந்திருந்தால் குசினி மேசைக்கு அந்தப் பக்கம் நீயும் இந்தப் பக்கம் நானும் இருந்து, தேத்தண்ணி ஆறுவதற்குள் இந்தச் சண்டையை முடித்திருப்போம். இப்போது கடிதம் எழுத வேண்டிக் கிடக்கிறது. மற்றவர்களும் இதை வாசிப்பார்கள் என்று தெரியும். வாசிக்கட்டும். எங்கள் இரண்டு பேருக்கும் மெல்லமாகக் கதைக்கத் தெரியாது என்பது முரசுமோட்டையில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. முல்லைத்தீவில் உன் வீட்டார் விரும்பியபடி கடற்கரை மாதா கோயிலில் பூசை கொடுத்தோம். அடுத்த நாள் இங்கே எங்கள் முறைப்படி மரக்கறிச் சமையல். அண்ணா இரண்டு இடத்திலும் வந்தவர்களைக் கவனித்தார், சிரித்தார், எல்லாரும் போன பிறகு சாப்பிடாமல் போய்ப் படுத்தார். உன் புருசனைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கடிதத்தில் இருக்கும் கோபத்தில் பாதி அவர் மேல். மீதி உன் மேல். அதற்குப் பிறகும் மிஞ்சினால் அது கொழும்புக்குப் போகும்.

எல்லாக் கோபமும் நீ விட்டுப்போன அந்தக் கடைசிப் பலகையைப் பற்றியதுதான்.

உன் வேலையை உனக்கே விளக்குகிறேன் என்று சிரிக்காதே, பக்கத்தில் நின்று கேட்பவர்களுக்கும் விளங்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஓவியம் படித்த காலத்தில் அச்சுப்பதிவு வகுப்பில் எங்களுக்கு ஒரே மேசை. பலகையை உளியால் வெட்டி, உருளையால் மை தடவி, தாளை மேலே விரித்து அகப்பையின் முதுகால் தேய்த்தால் படம் வரும். வெட்டிய இடம் வெள்ளை. வெட்டாத இடம் கறுப்பு. பலகையில் வலப்பக்கம் பார்ப்பது தாளில் இடப்பக்கம் பார்க்கும். இவ்வளவும் தெரிந்தால் போதும், மிச்சமெல்லாம் எதை வெட்டுவது, எதை விடுவது என்ற சண்டைதான்.

அந்தச் சண்டையைத் தொடரத்தான் உன்னை ஓர் அறுவடை லீவுக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நீ என்னவென்றால் என் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டாய். கடற்கரைப் பெட்டை வயலுக்குள் எவ்வளவு காலம் நிற்கும் என்று ஊர் கேட்டது. நீ நின்றாய். வரம்பில் விழாமல் நடக்க மட்டும் கடைசிவரை பழகவில்லை.

பிறகு புத்தக வேலை வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு எல்லா வீட்டிலும் சொல்லும் விலங்குக் கதைகள். சிங்கமும் எலியும், காகமும் நரியும், ஆமையும் முயலும், கடைசியில் கொக்கும் நண்டும். சொல் குறைவு, படம் அதிகம். ஒரு கதைக்கு ஒரு பலகை, ஒரு பலகைக்குக் கதையின் ஒரே ஒரு கணம். அந்தக் கணம் எது என்று முடிவெடுப்பதற்குள் குசினியில் சோறு அடிப்பிடித்த நாட்கள்தான் எத்தனை?

சிங்கத்தை நான் தாளின் நடுவில், பிடரியும் வாலுமாக முழுசாகக் கீறியிருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. நீ பார்த்துவிட்டு மூக்கைச் சுளித்தாய்.

"தாளுக்குள்ளை அடங்கினா அது எப்பிடியடி பெரிய சிங்கம்?" என்றாய்.

சொன்னதோடு நிற்கவில்லை, சிங்கத்தைத் தாளுக்கு வெளியே தள்ளிவிட்டாய். ஒரு முன்னங்காலும் மீசையில் கொஞ்சமும்தான் உள்ளே மிஞ்சியது. மூலையில் எலி. மற்ற இடமெல்லாம் வலை. வலையை நான் கணக்குக் கொப்பியில் கட்டம் போடுவது போல் கீறியிருந்ததைப் பார்த்து உனக்கு வந்த சிரிப்பு இருக்கிறதே, அண்ணா வயலில் இருந்து எட்டிப் பார்த்தார். கரைவலை இழுக்கிற வீட்டில் பிறந்தவளிடம் அந்த வலையைக் காட்டியிருக்கக் கூடாதுதான். நீ வெட்டிய வலை பாரத்தில் தொங்கியது, இழுபட்டது, முடிச்சுகளில் இறுகியது. சிங்கத்தின் நிறை முழுவதும் வலையில் தெரிந்தது.

நரிக்கு வந்தபோது இன்னொரு சட்டம் போட்டாய். காகத்தைப் பாடச் சொல்லி அதன் வாயில் இருப்பதைப் பறிக்கிற அந்த நரியை, மூக்கிலிருந்து வால் நுனிவரை எங்கும் முறியாத ஒரே கோடாக விட்டுச் சுற்றிவர வெட்டினாய். காகத்துக்கு மட்டும் கொத்தின கோடு, சிலும்பின கோடு. நரி அவ்வளவு வடிவாக வந்திருந்தது. கள்ளனுக்கு ஏன் இந்தச் சோடனை என்று கேட்டேன்.

"பொய் சொல்லுறவனுக்குத்தான் நல்ல கோடு குடுக்கவேணும். அரியண்டமாக் கீறினா அவனை ஆர் நம்புவினம்?"

அன்றைக்கு என் வாயில் பாண் இருந்தபடியால் நீ தப்பினாய்.

கொழும்பிலே, பதிப்பகத்தில் எங்கள் புத்தகத்தைப் பொறுப்பெடுத்த பெண்ணை நீயும் தொலைபேசியில்தான் அறிவாய். நல்லவர். நல்லவர் என்பதால்தான் எனக்கு வாய் நிறைய ஏச முடியாமல் இருக்கிறது. நரி மிகவும் அழகாக இருக்கிறது, கொஞ்சம் கெட்ட முகமாக மாற்றினால் பிள்ளைகளுக்கு விளங்கும் என்றார். புருவத்தை நெரித்துவிடலாமாம். நரிக்கு எங்கே மச்சாள் புருவம்? நீ அப்போது சுகமாக இருந்தாய், நீயே அவரோடு கதைத்தாய். கெட்டவனைக் கெட்ட முகத்தோடு காட்டிக் காட்டி வளர்த்தால், நல்ல முகத்தோடு வருகிறவனைப் பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டாய். அந்த முறை நீ வென்றாய்.

நீ போன பிறகு அவர் வேறு கதையோடு வந்தார். புத்தகம் கிளிநொச்சியில் இருந்து வருகிறது, முன்னுரையில் போரைப் பற்றி ஒரு பந்தி வேண்டும் என்றார். எழுதலாம், அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு விடவில்லை. கடைசிக் கதையில் வரும் கொக்கு யார் என்று கேட்டார். கொக்கு கொக்குத்தான் என்றேன். இல்லை, உள்ளே ஒரு அர்த்தம் இருக்குமே என்றார். எனக்கு எப்படி இருந்திருக்கும், சொல். கண்டியில் ஒருவர் மாட்டைக் கீறினால் அது மாடு. நாங்கள் மாட்டைக் கீறினால் அந்த மாடு எதையாவது இழந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் எதையாவது தேடிக்கொண்டு நிற்க வேண்டும். ஜெயபுரத்தில் உழுகிற வயலில் மெசினுக்குப் பின்னால் பூச்சி பொறுக்கித் திரிகிற கொக்குகள் எல்லாம் தாங்கள் யார் யார் என்று இனிக் கொழும்பைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கொக்கின் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். குளம் வற்றப்போகிறது என்று மீன்களிடம் சொல்கிறது கொக்கு. உங்களை ஒவ்வொருவராகத் தூக்கிப்போய் நல்ல குளத்தில் விடுகிறேன் என்கிறது. நம்பிப் போன மீன்கள் பாறையில் முள்ளாகக் கிடக்கின்றன. கடைசியில் ஒரு நண்டு கொக்கின் கழுத்தில் தொங்கிக்கொண்டு போகிறது. பாறையையும் முள்ளையும் கண்டதும் கழுத்தை இறுக்கிப் பிடித்து, திருப்பு குளத்துக்கு என்கிறது. குளத்தில் மிஞ்சியிருக்கும் மீன்களுக்கு அதுதான் வந்து உண்மையைச் சொல்கிறது.

பாறையையும் முள்ளையும் காட்டலாம் என்றேன். நீ வேண்டாம் என்றாய். அப்படியென்றால் எது என்று கேட்டேன். நீ சொல்லவில்லை. மருந்துக்காகக் கொழும்புக்கும் வீட்டுக்குமாக நீ அலைந்த காலம் அது. வீட்டில் நிற்கிற நாட்களில் மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு, அந்த வேப்பம் பலகையை மடியில் வைத்து வெட்டினாய். பென்சிலால் ஒரு கோடும் கீறவில்லை, நேரே உளிதான். உன் கை நடுங்கியது. அதைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய் எதையாவது கழுவிக்கொண்டு நிற்பேன். வந்து எட்டிப் பார்த்தால் உடனே முழங்கையால் மறைப்பாய்.

"பொறு. மை பூசேக்கை பாரன்" என்றாய்.

இதுதான் நீ என்னிடம் அந்தப் பலகையைப் பற்றிக் கடைசியாகச் சொன்னது. மை பூசுவதற்கு நீ நிற்கவில்லை.

பலகை எப்படி இருந்தது என்று சொல்கிறேன், நீ வெட்டியதுதான், இருந்தாலும் கேள். மேலே கொக்கு, கழுத்தில் நண்டு, அவற்றைச் சுற்றிய வானம் சுத்தமாக வெட்டப்பட்டிருந்தது. கீழே, பலகையின் பெரும் பகுதி, உளி படாத வெறும் மரம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சின்னக் கீறல்கள். மேலிருந்து தொடங்கி, பாதி வழியில் கை தளர்ந்துவிட்டது என்று நினைத்தேன். அந்தக் கீறல்களை உன் கை நடுக்கத்தில் உளி வழுக்கிய இடங்கள் என்று நினைத்தேன். அண்ணாவும் அப்படித்தான் நினைத்தார். எங்கள் மற்றப் படங்கள் எல்லாம் வெள்ளைத் தரையில் நிற்கும்போது இது மட்டும் வேறு எப்படி இருக்கும்? கீழே இருப்பதை நான்தான் வெட்டி முடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

என்ன வெட்டுவது? குளம் கீறிப் பார்த்தேன், தாமரை கீறிப் பார்த்தேன், வற்றி வெடித்த மண் கீறிப் பார்த்தேன். ஒன்றும் உன் கொக்கோடு சேரவில்லை. நான் கீறிய கொக்கு கழுத்தை நீட்டிப் பறந்ததற்கு ஒரு காலத்தில் என்ன பாடு படுத்தினாய், கொக்கு கழுத்தை மடித்துத்தான் பறக்கும், களப்புக் கரையில் போய்ப் பார் என்று. இப்போது உன் கொக்கு கழுத்தை நீட்டிக்கொண்டு பறக்கிறது. நண்டு பிடித்திருப்பதால் நீட்டியிருக்கிறது என்று எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. இப்படி ஒன்றைச் செய்துவைத்துவிட்டு, கீழே என்ன வரும் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் நான் என்ன செய்வது?

நான் உளியைத் தீட்டிக்கொண்டிருந்த நேரத்தில் உன் புருசன் ஒரு வேலை செய்தார். பலகையைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். முன் அறையில் உன் படத்துக்கு வலப்பக்கத்தில் ஆணி அடித்து மாட்டினார். காலையில் விபூதி பூசிக்கொண்டு வந்து விளக்கை வைப்பார், பக்கத்தில் உனக்காக ஒரு மெழுகுதிரி. உன் படத்துக்கும் பலகைக்கும் சேர்த்து ஒரே மாலை. அந்த மாலை நண்டை முழுசாக மறைக்கும்.

அது படம் இல்லை, படத்தின் மறுபக்கம் என்றேன். மை பூசித் தாளில் எடுத்தால்தான் படம் என்றேன். இடம் வலம் மாறிக் கிடக்கிறது, நீங்கள் கும்பிடுவது உளி போட்ட மரத்தை என்றேன். தோசைக்கல்லைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டுத் தோசை வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது என்றும் சொன்னேன். கொஞ்சம் கூடிவிட்டதுதான். அவர் என்னைப் பார்க்காமல் திரியைத் தூண்டினார்.

"அவள் கடைசியாத் தொட்டது. அதிலை இனி ஆரும் உளி வைக்கப்படாது."

அதற்கு மேல் அவரோடு என்ன கதைப்பது? கொழும்பில் இருந்து அந்தப் பெண் கடைசிப் பக்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பலகை என் கண்ணுக்கு முன்னால் ஆணியில் தொங்கியது. பூட்டிய வீட்டுக்குள் திறப்பை வைத்துவிட்டு வெளியே நிற்கிறவள் மாதிரி நான் வீட்டுக்குள்ளேயே அலைந்தேன். உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு குளக்கட்டுவரை போய் வருவேன். அதற்கு இப்போது பிரேக்கும் பிடிப்பதில்லை. என் கோபத்துக்கு ஏற்ற வாகனம்தான்.

பிறகு உன் ஆண்டு நினைவு நாள் வந்தது, நினைவு மலர் அடிக்க வேண்டும் என்றார் அண்ணா. அட்டைக்கு என்ன படம் தெரியுமா? பலகையைக் கையடக்கத் தொலைபேசியில் பிடித்த படம். அச்சுப் பலகையைப் படம் பிடித்து அச்சடிக்கிற கூத்தை உலகத்தில் வேறு யாராவது செய்திருப்பார்களா? சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. அச்சகத்தார் அட்டையின் மாதிரியைக் கொடுத்துவிட்டிருந்தார். தேயிலைப் பெட்டியின் மூடி போல ஒரு மண்ணிறச் சதுரம். கொக்கும் இல்லை, நண்டும் இல்லை. இதில் பலகைதான் தெரிகிறது, படம் இருந்தால் அனுப்புங்கோ என்று அவர் அண்ணாவிடம் தொலைபேசியில் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அண்ணா என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார், நானும் விட்டுவிட்டேன், வீட்டில் கோழிகளின் சத்தம் மட்டும்தான்.

ஒரு காலை நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்க, அவர் குறட்டோடு வந்தார். முன் அறையில் ஆணி கழன்ற சத்தம் கேட்டது. சட்டத்தைப் பிரித்து, பலகையை உடுத்திருந்த சாரத்தால் துடைத்து, குசினி மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"ஒண்டே ஒண்டு எடு. வெட்டாதை" என்றார். வெளியே போகவும் இல்லை, கதவோடு சாய்ந்துகொண்டு நின்றார், நான் பலகையைக் களவெடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன் என்பது போல.

மையைக் குழைத்து உருளையை உருட்டினேன். இந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்துவிட்டு, இதைக் காட்டியே அவரை இணங்க வைத்துக் கீழே வெட்டலாம் என்பதுதான் என் திட்டம். மை மரத்தில் ஏற ஏற, வெறும் மரமாக இருந்த இடம் கறுத்தது. கீறல்கள் மட்டும் மை படாமல் வெளிறி நின்றன. எனக்கு அப்போதும் ஒன்றும் படவில்லை. தாளை விரித்து அகப்பையால் தேய்த்தேன். தேய்க்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டது, மரத்தின் வரிகள், ஒரு கரையிலிருந்து மறு கரைவரை படுக்கையாக ஓடுகிற வரிகள். தாளை உரித்தேன்.

ஜெனி, அது தண்ணீர். நீ வெட்டாமல் விட்டது குளம். மரத்தின் வரிகள் அந்தக் கறுப்புக்குள் அலையாக விழுந்திருந்தன. எத்தனை பலகையைப் புரட்டிப் பார்த்துவிட்டு இதை எடுத்தாய்? அந்தக் கறுப்பு முழுவதும் கண்கள். உன் கை நடுக்கம் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு வருடமாகக் கவலைப்பட்ட ஒவ்வொரு கீறலும் ஒரு மீனின் கண். செதில் இல்லை, வால் இல்லை, உடம்பே இல்லை. தண்ணீருக்குள் இருந்து மேலே பார்த்துக்கொண்டு நிற்கிற கண்கள் மட்டும். கொக்கு என்ன செய்தது என்று அவற்றுக்கு இன்னும் தெரியாது. நண்டு இன்னும் வந்து சேரவில்லை. நீ எடுத்த கணம் அதுதான்.

கொக்கின் கோடு உன் சட்டப்படி அலகிலிருந்து கால்வரை முறியாமல் ஓடியிருந்தது. நண்டு பிடித்த இடத்தில் மட்டும் முறிந்திருந்தது. மாலை மறைத்துக்கொண்டிருந்த இடம் அது.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. அண்ணா அந்தப் பலகையைக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்திருக்காவிட்டால் நான் எப்போதோ அந்தக் கண்களை எல்லாம் சுத்தமாக வெட்டி எறிந்துவிட்டு, வெள்ளையாக ஒரு குளம் செய்து, உனக்கு உதவி செய்துவிட்டேன் என்று திருப்தியாக இருந்திருப்பேன். எதற்காக அவரை ஒரு வருடமாக ஏசினேனோ அதுதான் உன் படத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டி வந்துவிட்டது. இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டதற்காக உன்னை எப்படி மன்னிப்பது? மை பூசேக்கை பார் என்றாயே, வெட்டாதே என்று சேர்த்துச் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? நான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நினைத்தாயா? அல்லது அதற்கும் நாள் இருக்கிறது என்று நினைத்தாயா?

அண்ணா தாளைப் பார்த்தார். கண்கள் என்று நான் சொன்னதும் ஓம் என்றார், அவ்வளவுதான். பார்வை கொக்கிலேயே இருந்தது. பிறகு மை காயாத தாளை இரண்டு கையாலும் மூலைகளில் பிடித்துக்கொண்டு முன் அறைக்குப் போனார். நான் பின்னால் போனேன், மை சுவரில் பட்டுவிடும் என்ற பயத்தில். பலகை தொங்கிய அதே ஆணிக்கு நேரே தாளைப் பிடித்தார்.

உன் படம் அதற்கு இடப்பக்கத்தில் இருக்கிறது. பலகையில் கொக்கு வலப்பக்கம் பார்த்தது. ஒரு வருடமாக ஒவ்வொரு விடியலிலும் விளக்கை வைத்துக்கொண்டு அவர் பார்த்தது, உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசல் பக்கம் பறந்து போகிற ஒரு கொக்கை. தாளில் அது திரும்பிவிட்டது. கழுத்தை நீட்டி, நண்டையும் சுமந்துகொண்டு, உன் முகத்தை நோக்கி வந்தது.

"அப்ப இது போகேல்லை" என்றார். "வருது."

இடம் வலம் மாறும் என்று நான் எத்தனை தரம் சொன்னேன் என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அந்த அளவுக்கு எனக்கும் அறிவு இருக்கிறது, மச்சாள். தாள் ஆடாமல் இருக்க ஒரு மூலையை நான் பிடித்துக்கொண்டேன்.

நினைவு மலரின் அட்டையில் அந்தப் படம்தான் வந்தது. ஊரில் பலர் ஏன் இவ்வளவு கறுப்பு என்று கேட்டார்கள். உன் அம்மா மட்டும் கேட்கவில்லை. அட்டையைக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு கண்ணாக விரலால் தொட்டுக்கொண்டு போனார், பிறகு மலரை மடித்துச் சேலைக்குள் வைத்துக்கொண்டார்.

கொழும்புக்கும் அனுப்பினேன். பக்கம் மிகவும் இருட்டாக இருக்கிறது, பிள்ளைகள் பயப்படுவார்கள், கொம்பியூட்டரில் கொஞ்சம் வெளிறச் செய்யலாமா என்று பதில் வந்தது. அதற்கு என்ன எழுதுவது என்று எனக்கு உடனே தெரிந்தது, எழுதிவிட்டேன், நீ வாசித்தால் நல்ல தமிழ் என்று சொல்லியிருப்பாய். ஆனால் அதற்குக் கீழே அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார். அந்தக் கண்கள் யாருடையவை என்று. மீன்கள் என்று எழுதினேன். எழுதியதைக் கொஞ்ச நேரம் அனுப்பாமல் வைத்திருந்தேன். கொக்கு கொக்குத்தான், அதில் நான் மாறமாட்டேன். ஆனால், காணாமல் போனவர்களைப் பற்றி யாராவது வந்து ஒரு சொல் சொல்லமாட்டார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த வீடுகள் இந்தப் பக்கத்தில் எத்தனை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ மீனைத்தானே வெட்டினாய்? கடைசியில் மீன்கள் என்றே அனுப்பினேன். உன்னிடம் கேட்காமல் வேறு எதையும் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இப்போது வீட்டு நிலைமை இது. ஆணியில் தாள் தொங்குகிறது. மாலை உன் படத்துக்கு மட்டும்தான், நண்டை மறைக்கக் கூடாதாம், அண்ணாவே சொன்னார். பலகையை மண்ணெண்ணெயால் துடைத்துக் குசினி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். உன் அம்மாவுக்கு ஒரு தாள் வேண்டும் என்று போன கிழமை உன் புருசன் வந்து கேட்டார். ஒன்றே ஒன்று என்று சொன்ன மனிசன். உருளையை அவர் கையில் கொடுத்தேன். மையை அப்பித் தள்ளினார், அரைவாசிக் கண்கள் அடைபட்டுப்போயின. ஏசினேன். திரும்பத் துடைத்து, திரும்ப உருட்டினார். இப்போது எனக்குச் சண்டை பிடிக்க மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருக்கிறார், ஆனால் அவருக்குச் சரியாகச் சண்டை பிடிக்கத் தெரியவில்லை, சொன்னதும் தலையை ஆட்டிவிடுகிறார்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அந்தக் கறுப்பில் என் உளியும் படாது, வேறு எவருடைய உளியும் படாது. நரிக்குப் புருவம் வராது. அந்தப் பக்கத்தை வெளிறச் செய்தால்தான் புத்தகம் வரும் என்றால், புத்தகம் வராது. எங்கள் மேசையில் அகப்பையால் தேய்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் பள்ளிக்கூடங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன், பிரேக் பிடிக்காத உன் சைக்கிளில்.

மை பூசேக்கை பார் என்றாய். பார்த்துவிட்டேன், ஜெனி. ஆனாலும் நீ சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் புருசனின் தங்கை, உன் மச்சாள்
வதனி
முரசுமோட்டை